பிசிஓஎஸ்: எந்தப் பரிசோதனை, எப்போது, எந்தச் சிகிச்சை?

"இரண்டு சினைப்பையிலும் நீர்க்கட்டி இருக்கிறது" என்று ஸ்கேன் அறிக்கை வந்ததும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "குழந்தை பிறக்குமா?" என்பதுதான். அந்தப் பெண்ணுக்குப் பதினேழு வயதாக இருந்தாலும் அதே கேள்விதான். அவளுடைய சர்க்கரை அளவு என்ன, மாதவிடாய் வந்து எத்தனை மாதம் ஆயிற்று, முகத்தில் முடி வளர்வதால் அவள் வெளியே போகத் தயங்குகிறாளா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. பிசிஓஎஸ், அதாவது பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம் என்ற இந்த 'நீர்க்கட்டி' நோய், சினைப்பையோடு முடிந்துவிடும் கோளாறு அன்று. ஹார்மோன்கள், இன்சுலின், கருப்பை, தோல், மனம் என எல்லாவற்றையும் அது தொடுகிறது. ஆகவே சோதனையும் சிகிச்சையும் ஒரு வரிசைப்படி நடக்க வேண்டும். ஸ்கேனில் தொடங்கி ஸ்கேனிலேயே முடிந்துவிடக் கூடாது.

மருத்துவரிடம் போகும் முன்

மாதவிடாய்த் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தப்போக்கு தொடங்கிய முதல் நாளிலிருந்து அடுத்த முறை தொடங்குவதற்கு முந்தைய நாள் வரை ஒரு சுழற்சி. வயதுக்கு வந்து மூன்று ஆண்டுகளைக் கடந்தவர்களுக்கு இது 21 நாட்களுக்குக் குறைந்தாலோ, 35 நாட்களைத் தாண்டினாலோ, ஆண்டுக்கு எட்டு முறைக்கும் குறைவாக வந்தாலோ அதை ஒழுங்கற்ற மாதவிடாய் எனலாம். பூப்படைந்த முதல் ஓராண்டில் ஒழுங்கின்மை இயல்பானது. அதற்காக அந்தக் குழந்தையை ஸ்கேன் மையத்துக்கு அழைத்துச் செல்லத் தேவையில்லை. ஓராண்டுக்குப் பிறகு மூன்றாம் ஆண்டு வரை 45 நாட்கள் வரையிலான இடைவெளியை ஏற்கலாம். ஆனால் முதல் ஆண்டு கழிந்தபின் ஒரே ஒரு இடைவெளி 90 நாட்களைத் தாண்டினாலும், 15 வயதாகியும் பூப்படையாவிட்டாலும் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

கோயில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை எடுத்திருந்தால் அதையும் தேதியோடு எழுதுங்கள். பலர் இதை ஒரு மருந்தாகவே நினைப்பதில்லை, அதனால் மருத்துவரிடம் சொல்வதும் இல்லை. அந்த மாதத்துச் சுழற்சி அளவையே அது குழப்பிவிடும். கருத்தடை மாத்திரை, நாட்டு மருந்து, முடி உதிர்வுக்கான மாத்திரை எதையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது உடலில் தெரியும் அடையாளங்கள். மேலுதடு, தாடை, மார்பின் நடுப்பகுதி, அடிவயிறு ஆகிய இடங்களில் தடித்த கருமுடி, விடாமல் வரும் முகப்பரு, உச்சந்தலையில் முடி மெலிதல் ஆகியவை ஆண்ட்ரோஜன் என்ற ஆண்தன்மை ஹார்மோன் கூடியிருப்பதற்கான தடயங்கள். த்ரெடிங், வாக்சிங் செய்திருந்தால் மருத்துவரின் கண்ணுக்கு எதுவும் தெரியாது. நீங்களே சொல்ல வேண்டும். பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட் போன்ற கருமை படர்ந்திருந்தால் அதை அழுக்கு என்று தேய்க்காதீர்கள். எத்தனையோ பெண் பிள்ளைகள் இதற்காக வீட்டில் திட்டு வாங்கி, பீர்க்கங்கூடால் தோல் புண்ணாகும்வரை தேய்த்திருக்கிறார்கள். உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்கவில்லை என்பதைத் தோல் அப்படிக் காட்டுகிறது.

பெற்றோருக்கு, உடன்பிறந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் உண்டா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எதை வைத்து உறுதி செய்கிறார்கள்?

1935-இல் சிகாகோவின் ஸ்டெயின், லெவென்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து இந்தக் கோளாறின் நவீன வரலாறு தொடங்குகிறது. இன்று உலகெங்கும் பின்பற்றப்படுவது 2003-இல் ரோட்டர்டாம் நகரில் வகுத்த அளவுகோல். 2023-இல் வெளியான சர்வதேச வழிகாட்டு நெறிகள் அதைச் செம்மைப்படுத்தின. ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண்ட்ரோஜன் மிகுதி (உடல் அடையாளமாகவோ இரத்தப் பரிசோதனையிலோ), ஸ்கேனில் தெரியும் சினைப்பைத் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்து, அதே அறிகுறிகளைத் தரும் வேறு நோய்கள் இல்லை என்றும் உறுதியானால் அது பிசிஓஎஸ்.

முதல் இரண்டும் தெளிவாக இருந்தால், நோயை உறுதிப்படுத்த ஸ்கேனே தேவையில்லை. மறுபக்கம், மாதவிடாய் மாதாமாதம் சரியாக வந்து, முடி, பரு எதுவும் இல்லாமல், ஆண்ட்ரோஜன் அளவும் இயல்பாக இருந்தால், வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் 'பாலிசிஸ்டிக்' என்று எழுதியிருப்பதால் மட்டும் ஒருவர் நோயாளி ஆகிவிடுவதில்லை. ஆரோக்கியமான இளம்பெண்களிடமும் அந்தத் தோற்றம் பரவலாகக் காணப்படுகிறது.

ஸ்கேனில் தெரிபவை வளர்ச்சி பாதியில் நின்ற சிறு முட்டைப்பைகள். அவற்றை அறுத்து எடுக்க வேண்டியதில்லை. அவை வெடித்துவிடும் என்ற பயமும் வேண்டாம். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் ஏதேனும் ஒரு சினைப்பையில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட முட்டைப்பைகள் இருந்தாலோ, சினைப்பையின் கன அளவு 10 மில்லிலிட்டரோ அதற்கு மேலோ இருந்தாலோ அது கணக்கில் வரும். திருமணமாகாத பெண்களுக்கு நம் ஊரில் பெரும்பாலும் வயிற்றின் மேல்தான் ஸ்கேன் எடுக்கிறார்கள். அதில் முட்டைப்பைகளைத் துல்லியமாக எண்ண முடியாது. கன அளவுதான் உதவும். ஆகவே அறிக்கையில் அந்த எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக ஏ.எம்.எச். என்ற இரத்தப் பரிசோதனையைப் பயன்படுத்தலாம் என்று 2023 நெறிகள் ஏற்றுக்கொண்டுள்ளன. இரண்டில் ஒன்று போதும்.

பூப்படைந்து எட்டு ஆண்டுகள் ஆகாத இளம்பெண்களுக்கு ஸ்கேனும் வேண்டாம், ஏ.எம்.எச்.சும் வேண்டாம். அந்த வயதில் சினைப்பை இயல்பாகவே அப்படித்தான் தெரியும். ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண்ட்ரோஜன் மிகுதி இரண்டும் சேர்ந்து இருந்தால் மட்டுமே அவர்களுக்கு இந்தப் பெயரைச் சூட்டலாம். ஒன்று மட்டும் இருந்தால், 'பின்னாளில் வரக்கூடும்' என்று குறித்துக்கொண்டு தொடர்ந்து கவனிப்பதே முறை. பள்ளிப் பருவத்தில் அவசரமாகக் குத்தும் முத்திரையை அந்தப் பெண் ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கும்.

இரத்தப் பரிசோதனைகள்

மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால், பாலுறவில் இருப்பவர்களுக்கு முதல் பரிசோதனை கர்ப்பப் பரிசோதனை. அதைத் தவிர்த்துவிட்டு வேறு எதற்கும் போகக் கூடாது.

பிறகு தைராய்டுக்கான டி.எஸ்.எச்., புரோலாக்டின், 17-ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோன் ஆகியவை. தைராய்டு குறைபாடு மாதவிடாயைக் குலைக்கும். புரோலாக்டின் கூடினால் மாதவிடாய் நின்றுபோகலாம், பால் போன்ற கசிவும் வரலாம். மூன்றாவது பரிசோதனை, பிறவியிலேயே வரும் அட்ரீனல் சுரப்பிக் கோளாறைக் கண்டறிகிறது. அது அப்படியே பிசிஓஎஸ் போலவே தோற்றம் காட்டும். இவற்றைக் காலையில், மாதவிடாய் தொடங்கிய சில நாட்களுக்குள் எடுப்பது நல்லது. மாதவிடாயே வராதவர்கள் எந்த நாளில் எடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆண்ட்ரோஜனுக்கு மொத்த டெஸ்டோஸ்டிரோனையும், கட்டற்ற டெஸ்டோஸ்டிரோனின் கணக்கீட்டையும் பார்ப்பார்கள். கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது இந்த அளவை நம்ப முடியாது. மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமாவது ஆக வேண்டும். அதுவரை ஆணுறை போன்ற வேறு கருத்தடை முறை அவசியம். முடி உதிர்வுக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் பரிசோதனைக் கூடத்தில் சொல்லுங்கள். தைராய்டு, டெஸ்டோஸ்டிரோன் அளவுகளை அது தவறாகக் காட்டக்கூடும். எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களின் விகிதத்தை இன்னும் பலர் எழுதித் தருகிறார்கள். நோயை உறுதிசெய்யும் அளவுகோலில் அதற்கு இடமில்லை. வெறும் வயிற்று இன்சுலின் பரிசோதனையும் வழக்கமான கவனிப்புக்குத் தேவையில்லை. 'பிசிஓஎஸ் பேக்கேஜ்' என்று ஆயிரக்கணக்கில் வாங்கும் பட்டியலைப் பார்த்தால், ஒவ்வொன்றும் எதற்காக என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

சில அடையாளங்களுக்கு அவசரம் தேவை. ஓரிரு மாதங்களில் முடி வேகமாகப் பரவுவது, குரல் தடிப்பது, டெஸ்டோஸ்டிரோன் மிக அதிகமாக இருப்பது ஆகியவை ஆண்ட்ரோஜன் சுரக்கும் கட்டியின் அறிகுறியாக இருக்கலாம். வயிற்றில் அகன்ற ஊதா நிறத் தழும்புகளோடு, தோல் எளிதில் கன்றிப்போய், தசை வலுவும் குறைந்தால் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் மிகுதியைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டுக்கும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் தாமதிக்காமல் போக வேண்டும்.

சர்க்கரைப் பரிசோதனை

ஹார்மோன் பரிசோதனைகளுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டு இதை விட்டுவிடுபவர்கள் ஏராளம். எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். பிசிஓஎஸ் உள்ள பெண்ணுக்கு வயது, எடை எதுவாக இருந்தாலும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கான ஆபத்து கூடுதல். நம் தெற்காசிய உடல்வாகோ ஏற்கெனவே சர்க்கரைக்கு எளிதில் ஆட்படுவது. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இந்தப் பரிசோதனை வேண்டும்.

வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் போதாது. 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் செய்யும் பரிசோதனைதான் இங்கே முதல் தேர்வு. இரவு குறைந்தது எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் காலையில் ஒருமுறை இரத்தம் கொடுக்க வேண்டும். பிறகு குளுக்கோஸ் கரைத்த நீரை ஐந்து நிமிடத்துக்குள் குடித்து, இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்து, மீண்டும் இரத்தம் கொடுக்க வேண்டும். இடையில் காபி குடிப்பதோ கடைவீதிக்குப் போய் வருவதோ கூடாது. இரண்டு மணி நேர அளவு 140-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 140 முதல் 199 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டாலும் அப்படியே. அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு இன்னொரு பரிசோதனையிலும் உறுதி செய்வார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி வசதியானதுதான். ஆனால் இரத்தசோகை பரவலாக உள்ள நம் பெண்களிடம் அது சில சமயம் தவறான எண்ணைக் காட்டும். முதல் பரிசோதனை இயல்பாக இருந்தாலும், ஆபத்தைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும்.

கொழுப்பு அளவையும் ஒருமுறை பாருங்கள். இரத்த அழுத்தத்தை ஆண்டுதோறும் பாருங்கள். உடல் எடைக் குறியீட்டில் இந்தியர்களுக்கு 23-லிருந்தே கூடுதல் எடை, 25-லிருந்து உடல் பருமன். பெண்களின் இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் தேவை. பலத்த குறட்டையும் பகல் முழுக்கத் தூக்கக் கலக்கமும் இருந்தால் உறக்க மூச்சுத்தடைக்கான பரிசோதனை வேண்டும். மனச்சோர்வும் பதற்றமும் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

கருப்பைக்குப் பாதுகாப்பு

கருமுட்டை வெளிவராத மாதங்களில் புரொஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தொடர்ந்து தூண்டுவதால் கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகிறது. ஆண்டுக்கணக்கில் இது நீடித்தால் அந்த உட்சவ்வில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. இளம்பெண்களிடம் அது அரிதுதான் என்றாலும் தடுக்கக்கூடிய ஆபத்து இது. "மாதவிடாய் வராதது ஒரு வகையில் நிம்மதி" என்று ஆறு மாதம், எட்டு மாதம் விட்டுவிடாதீர்கள். 90 நாட்களுக்கு மேல் வரவில்லை என்றால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்தபின், மருத்துவர் 10 முதல் 14 நாட்களுக்குப் புரொஜெஸ்டிரோன் போலச் செயல்படும் புரொஜெஸ்டோஜன் மாத்திரை தருவார். நிறுத்திய சில நாட்களில் இரத்தப்போக்கு வரும். வராவிட்டால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள்.

குழந்தை உடனே வேண்டாம் என்பவர்களுக்கு, மாதவிடாய் ஒழுங்கு, முடி வளர்ச்சி, பரு மூன்றுக்கும் சேர்த்து முதல் மருந்து ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை. திருமணமாகாத பெண்ணுக்கு இதை எழுதித் தந்ததும் வீட்டில் முகம் மாறுகிறது. தாய்மார்களிடம் நேரடியாகச் சொல்கிறேன்: இங்கே இது ஹார்மோன் சிகிச்சை, இதனால் மலட்டுத்தன்மை வராது. குறைந்த ஈஸ்ட்ரோஜன் அளவுள்ளவையே போதும். சைப்ரோடிரோன் கலந்த 35 மைக்ரோகிராம் வகையை முதலிலேயே தரத் தேவையில்லை. இரத்தம் உறையும் ஆபத்து அதில் கூடுதல். மாத்திரை நோயை வேரோடு நீக்குவதில்லை, நிறுத்தினால் பழைய நிலை திரும்பலாம் என்பதையும் தெரிந்துகொண்டே தொடங்குங்கள்.

கண்ணில் ஒளிக்கீற்றுகள் தெரிந்து தொடங்கும் ஒற்றைத் தலைவலி, முன்பு இரத்தக்கட்டி வந்த வரலாறு, கட்டுப்படாத இரத்த அழுத்தம், கல்லீரல் நோய், மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களும், 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர்களும் இதை எடுக்கக் கூடாது. தொடங்கும் முன் இரத்த அழுத்தத்தைப் பார்க்காமல் யார் எழுதித் தந்தாலும், "பிரஷர் பார்த்துவிட்டுத் தாருங்கள்" என்று கேளுங்கள். எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு காலில் வீக்கத்தோடு வலி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த மாத்திரை ஒத்துவராதவர்களுக்கு, அவ்வப்போது எடுக்கும் புரொஜெஸ்டோஜன் மாத்திரையோ ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனமோ உட்சவ்வைக் காக்கும்.

உணவும் உடற்பயிற்சியும்

இதற்கென்று தனி உணவுமுறை எதுவும் மற்றதைவிட மேலானது என்று நிறுவப்படவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேகநடை போன்ற பயிற்சி, அதோடு இரண்டு நாள் தசை வலுப்பயிற்சி. எடை கூடுதலாக உள்ளவர்கள் அதில் 5 சதவீதம் குறைத்தாலே, அதாவது 70 கிலோ என்றால் மூன்றரைக் கிலோ, சிலருக்கு மாதவிடாய் சீராகிறது. எடை குறையாவிட்டாலும் பயிற்சியின் பலன் வீண்போவதில்லை. தட்டில் சோற்றின் அளவைக் குறைத்து, பொரியல், கூட்டு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றைக் கூட்டுங்கள். அரிசிக்குப் பதில் கேழ்வரகுக் களியை அதே அளவு சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். "முதலில் எடையைக் குறைத்துவிட்டு வா" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பும் மருத்துவரிடம் இரண்டாம் முறை போக வேண்டியதில்லை. எடை குறையும்வரை மற்ற சிகிச்சைகள் காத்திருக்கத் தேவையில்லை.

மெட்ஃபார்மினும் மற்ற மருந்துகளும்

இன்சுலின் எதிர்ப்பு, சர்க்கரைக்கு முந்தைய நிலை, கூடுதல் எடை உள்ளவர்களுக்கு மெட்ஃபார்மின் பலன் தரும். 500 மில்லிகிராமில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டினால் வயிற்றுப் பிரட்டலும் பேதியும் குறையும். உணவோடு எடுங்கள். நெடுங்காலம் எடுத்தால் பி12 குறையலாம், குறிப்பாகச் சைவ உணவுக்காரர்களுக்கு; அதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

இனோசிட்டால் பொடியும் மாத்திரையும் இங்கே தாராளமாக எழுதப்படுகின்றன. தீங்கு குறைவு, பலனுக்கான சான்றும் குறைவு. மாதச் செலவைத் தாங்க முடியாதவர்கள் அதை விட்டுவிட்டதற்காக வருந்த வேண்டாம். கழற்சிக்காய்ப் பொடியைப் பலர் சாப்பிடுகிறார்கள். சித்த மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல், பெயர்ச்சீட்டு இல்லாத பொடியை வாங்கிச் சாப்பிடாதீர்கள். கருவுற முயல்பவர்கள் எதை எடுத்தாலும் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

முகத்து முடிக்குப் பொறுமை வேண்டும். கருத்தடை மாத்திரையின் பலன் தெரியவே ஆறு மாதம் ஆகும். போதவில்லை என்றால் ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் சேர்ப்பார்கள். அதை எடுக்கும் காலத்தில் கருத்தரித்தால் ஆண் கருவின் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்பதால் உறுதியான கருத்தடை அவசியம். லேசருக்குப் போகிறவர்கள் அழகு நிலையத்தைத் தவிர்த்து, கருநிறத் தோலில் அனுபவம் உள்ள தோல் மருத்துவரிடம் போங்கள். தவறான அமைப்பில் தோல் வெந்துவிடும். சிலருக்கு லேசர் செய்த இடத்தைச் சுற்றி முடி கூடுவதும் உண்டு. சவரம் செய்தால் முடி தடித்து வளரும் என்பது உண்மை அன்று.

செமாகுளூடைட் போன்ற எடைக் குறைப்பு ஊசிகள் உடல் பருமனுக்கான மருந்துகள். அவற்றை எடுக்கும்போது கருத்தடை வேண்டும். கருத்தரிக்கத் திட்டமிட்டால் செமாகுளூடைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும்.

குழந்தை வேண்டும் என்னும்போது

மாதவிடாய் வராததால் கர்ப்பம் ஆகாது என்று நினைத்துக் கருத்தடையை விட்டுவிடுபவர்கள் உண்டு. முட்டை எப்போது வெளிவரும் என்று சொல்ல முடியாது என்பதே உண்மை. பிசிஓஎஸ் உள்ள பெண்களில் பெரும்பாலோர், சிலர் மருந்து உதவியோடு, தாயாகிறார்கள்.

முயற்சிக்கு முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்குங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு மூன்றையும் பாருங்கள். கணவரின் விந்தணுப் பரிசோதனை முதல் வாரத்திலேயே நடக்கட்டும். மனைவிக்கு மாதக்கணக்கில் மருந்து கொடுத்தபின் கணவரிடம் குறை இருப்பதைக் கண்டுபிடிப்பது நம் ஊரில் இன்னும் நடக்கிறது. இது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநீதி.

முட்டை வெளிவரச் செய்யும் முதல் மருந்து லெட்ரோசோல். மாதவிடாயின் தொடக்க நாட்களில் ஐந்து நாட்கள் எடுப்பது. 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 750 பெண்களுக்கு லெட்ரோசோலோ, அதே வேலைக்கான பழைய மருந்தான குளோமிஃபீனோ ஐந்து சுழற்சிகள் வரை தரப்பட்டது. லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது. குளோமிஃபீனில் அது 19.1 சதவீதம். இந்தியாவில் 2011-இல் குழந்தையின்மைச் சிகிச்சைக்கு லெட்ரோசோலைத் தடை செய்து, 2017-இல் தடையை நீக்கினார்கள். இணையத்தில் பழைய செய்தியைப் படித்துவிட்டுப் பயப்படுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அதில் பலன் இல்லை என்றால் அடுத்தது ஹார்மோன் ஊசி அல்லது லேப்ராஸ்கோப்பி மூலம் சினைப்பையில் செய்யும் துளையிடல். ஊசிக்கு ஸ்கேன் கண்காணிப்பு கட்டாயம். ஒரே நேரத்தில் பல முட்டைகள் வளர்ந்தால் இரட்டையர், மூவர் கருத்தரிக்கலாம். துளையிடலை 'கட்டியை எடுக்கும் ஆபரேஷன்' என்று நினைத்து, கருத்தரிக்கும் நோக்கமில்லாத பெண்ணுக்குச் செய்யக் கூடாது. அதிகமாகச் செய்தால் முட்டை இருப்பே குறைந்துவிடும். சோதனைக்குழாய் முறை இவற்றுக்கெல்லாம் பிறகு; கருக்குழாய் அடைப்போ கணவரிடம் கடும் குறையோ இருந்தால் முன்கூட்டியே வரலாம். அதில் சினைப்பை மிகையாகத் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோக்கும் ஆபத்து பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குக் கூடுதல் என்பதால், அதைத் தடுக்க எந்த முறையைப் பின்பற்றுவீர்கள் என்று முன்பே கேளுங்கள்.

கர்ப்பம் உறுதியானதும் முதல் மாதங்களிலேயே குளுக்கோஸ் பரிசோதனை செய்து, 24 முதல் 28 வாரத்துக்குள் மீண்டும் செய்யச் சொல்லுங்கள். கர்ப்பகால இரத்த அழுத்தமும் இவர்களுக்குக் கூடும்.

தொடர்ந்து

மருந்து தொடங்கிய மூன்று மாதத்தில் ஒரு முறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவரைப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் ஸ்கேன் எடுத்து 'நீர்க்கட்டி கரைந்ததா' என்று பார்ப்பது வீண் செலவு. மாதவிடாய்த் தேதி, சர்க்கரை, இரத்த அழுத்தம், உங்கள் மனநிலை ஆகியவையே அளவுகோல். மாதவிடாய் நிரந்தரமாக நின்ற பிறகும் சர்க்கரைக்கான ஆபத்து நிற்பதில்லை. நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் கருப்பை உட்சவ்வைச் சோதிக்க வேண்டும்.

இன்னொன்று: இந்த நோய் உள்ள பெண்ணின் அப்பாவுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும்கூடச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கூடியிருக்க வாய்ப்பு அதிகம். மகளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகும் நாளில் அவர்களும் வெறும் வயிற்றோடு கூடப் போகலாம்.